பதினைந்து மைக்ரோலிட்டர்

பிரேசிலின் வடகிழக்கில் ஜபோராண்டி என்ற குறுமரம் வளர்கிறது. அதன் இலையை மென்றால் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். சற்று நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டும். அங்குள்ள பூர்வகுடிகளுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சங்கதி. 1870-களின் தொடக்கத்தில் சிம்ஃப்ரோனியோ கூட்டின்யோ என்ற பிரேசில் மருத்துவர் அந்த இலைகளைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். 1875-இல் பாரிஸில் ஹார்டியும் லண்டனில் ஜெரார்டும் தனித்தனியாக வேலை செய்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் பைலோகார்பின். கண்ணழுத்த நோய்க்கு அது சீக்கிரமே மருந்தாயிற்று. ஒரு குழந்தையின் முன்கைக்கு அது வந்து சேர மட்டும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்த முன்கையை வியர்க்க வைக்க வேண்டிய தேவை நியூயார்க்கில் பிறந்தது. அங்கே குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்கூற்றியல் மருத்துவராக இருந்த டோரதி ஆண்டர்சன், இறந்த குழந்தைகளின் உடல்களைப் பரிசோதித்து, 1938-இல் ஒரு புதிய நோயை வரையறுத்தார். கணையத்தின் குழாய்கள் அடைபட்டுச் சுருங்கி, சாப்பிட்டது செரிக்காமல், நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கி, திரும்பத் திரும்பக் கிருமி தாக்கிக் குழந்தைகள் இறந்துபோனார்கள். இன்று சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று அழைக்கப்படும் நோய் அது.

1948 ஆகஸ்டில் நியூயார்க்கை வெப்ப அலை தாக்கியது. வெயில் தாங்காமல் துவண்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்த நோய் உள்ளவர்கள் கணக்குக்கு மீறி இருந்தார்கள். ஆண்டர்சனும் வால்டர் கெஸ்லரும் அதைக் கவனித்து 1951-இல் எழுதினார்கள். அதே மருத்துவமனையில் இருந்த பால் டி சான்ட்டாக்னீஸ், துவண்ட அந்தக் குழந்தைகள் இழந்த உப்பு உடம்பிலிருந்து எந்த வழியாகப் போகிறது என்று தேடினார். சிறுநீரகத்தில் கோளாறு இல்லை. அட்ரீனல் சுரப்பியிலும் இல்லை. வியர்வையில்தான் அது போய்க்கொண்டிருந்தது. சாதாரணக் குழந்தையின் வியர்வையில் உள்ளதைப்போல் பல மடங்கு உப்பு. 1953-இல் அவர் இதை வெளியிட்டார். அட்ரீனலைப் பார்த்துவிட்டு அது இல்லை என்று அவர் ஒதுக்கிய அந்த அடி மிக முக்கியமானது. பின்னால் வந்த மருத்துவர்களில் பலர் அந்த அடியைத் தாண்டிக் குதித்திருக்கிறார்கள்.

வியர்வையில் உப்பு என்று தெரிந்தாகிவிட்டது. அதைச் சேகரிப்பது எப்படி? முதலில் செய்தது கொடுமையானது. குழந்தையைக் கழுத்துவரை பிளாஸ்டிக் உறையில் போட்டோ, சூடேற்றிய அறையில் வைத்தோ வியர்க்க விட்டார்கள். வெயில் தாங்க முடியாத நோய் இருக்கிறதா என்று அறியக் குழந்தையை வெப்பத்தில் வைப்பது! சில குழந்தைகளுக்கு உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. 1959-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் லூயிஸ் கிப்சனும் ராபர்ட் குக்கும் இதற்கு முடிவு கட்டினார்கள். பைலோகார்பின் நனைத்த துணியை முன்கையில் வைத்து, மிகச் சிறிய மின்னோட்டத்தால் அதைத் தோலுக்குள் தள்ளினார்கள். உடம்பு முழுதும் வியர்க்க வேண்டியதில்லை. ஒரு காசு அளவு தோல் வியர்த்தால் போதும். இன்றுவரை உலகம் முழுக்க வியர்வைச் சோதனை என்றால் இதுதான். குழந்தை மருத்துவத்தில் இவ்வளவு மென்மையாக நுழைந்து இவ்வளவு காலம் நிலைத்த சோதனைகள் அதிகம் இல்லை.

இன்று சோதனைக்கூடத்தில் நடப்பதைப் பார்ப்போம். தோலைத் துடைத்து உலர்த்துகிறார்கள். பைலோகார்பின் உள்ள கூழ்த்தகட்டை நேர்மின் முனையிலும், மற்றொரு தகட்டை எதிர்மின் முனையிலும் பொருத்தி, இரண்டையும் ஒரே கையிலேயே கட்டுகிறார்கள். மின்னோட்டம் இதயத்தைக் கடந்து போகக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஐந்து நிமிடம். குழந்தைக்குச் சற்றே சுருக்கென்று இருக்கும். தகடுகளை எடுத்ததும் அந்த இடம் சிவந்திருக்கும். சிவந்த அந்த வட்டத்தில்தான் துளி பிறக்கப்போகிறது.

தோலுக்கு அடியில் வியர்வைச் சுரப்பி சுருண்டு கிடக்கிறது. அந்தச் சுருளில் ஊறும் நீர் கிட்டத்தட்ட இரத்த நீரின் உப்புச்செறிவிலேயே இருக்கும். அது அப்படியே வெளியே வந்தால் கோடையில் நாம் ஒருவரும் பிழைக்க மாட்டோம். சுருளிலிருந்து தோலின் மேற்பரப்புக்கு ஏறும் மெல்லிய குழாயில், அந்த உப்பின் பெரும்பகுதி திரும்ப உடம்புக்குள் உறிஞ்சப்படுகிறது. சோடியம் ஒரு வாசல் வழியாகவும், குளோரைடு சிஎஃப்டிஆர் என்ற புரதம் அமைக்கும் இன்னொரு வாசல் வழியாகவும் உள்ளே போகின்றன. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் கெட்டுப்போனது இந்தக் குளோரைடு வாசல். அதைக் கண்டுபிடித்தவர் பால் குவின்டன். அவருக்கே அந்த நோய் இருந்தது. தன் வியர்வைச் சுரப்பிகளையும் ஆய்வுக்குக் கொடுத்து வேலை செய்தவர். குழாயின் சுவர் குளோரைடை விடுவதில்லை என்று 1983-இல் நேச்சர் இதழில் அவர் எழுதினார். ஆறு ஆண்டுகள் கழித்து லாப்-சீ சுய், ஜான் ரியோர்டன், ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் அந்தப் புரதத்துக்கான மரபணுவை 7-ஆம் குரோமோசோமில் பிடித்தன. அந்தத் தேடலுக்கும் வியர்வைச் சுரப்பியின் செல்கள்தான் கைகொடுத்தன.

குழாயைக் கடந்து தோலுக்கு வந்த துளி இப்போது ஒரு பிளாஸ்டிக் வட்டுக்குள் நுழைகிறது. உள்ளே நூல்போன்ற குழாய் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். வியர்வை ஏறுவது கண்ணுக்குத் தெரிய நீலச் சாயம் தொட்டிருப்பார்கள். பழைய முறையில் வடிதாளோ காஸ் துணியோ வைத்து ஒட்டி, பிறகு எடைபோடுவார்கள். எதுவானாலும் அரை மணி நேரம்தான். அதற்குள் சுருளில் குறைந்தது 15 மைக்ரோலிட்டர், தாளிலானால் 75 மில்லிகிராம் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் அந்தத் துளியை அளக்கவே கூடாது. இந்த விதியைச் சோதனைக்கூடத்தின் பிடிவாதம் என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. "இவ்வளவு அழவைத்து எடுத்தீர்களே, அதையாவது பாருங்களேன்" என்று கேட்பார்கள். ஆனால் வியர்வை மெதுவாக ஊறினால் குழாயில் உப்பு உறிஞ்சப்பட அதிக நேரம் கிடைக்கிறது. நோயுள்ள குழந்தையின் எண் குறைந்து காட்டிவிடலாம். மாறாக, தாள் சரியாக மூடப்படாமல் நீர் ஆவியானால் உப்பு செறிந்து, நலமான குழந்தையின் எண் ஏறிவிடும். தவறான முடிவுகளில் பெரும்பகுதி இந்த அரை மணி நேரத்தில்தான் உருவாகிறது. வியர்வைச் சோதனையை எப்போதோ ஒருமுறை செய்யும் இடத்தில் செய்துகொள்வதைவிட, அடிக்கடி செய்யும் மையத்துக்குப் பஸ் ஏறிப் போவது நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அடுத்தது அளவைக் கருவி. எர்னஸ்ட் காட்லவ் 1958-இல் விவரித்த குளோரைடு அளவி எளிமையில் அழகானது. வெள்ளிக் கம்பியிலிருந்து நிலையான மின்னோட்டம் வெள்ளி அயனிகளை விடுகிறது. அவை குளோரைடைப் பிடித்து வெள்ளைப் படிவாக இறங்குகின்றன. குளோரைடு முழுதும் தீர்ந்த நொடியில் வெள்ளி தனியாக மிதக்கத் தொடங்கும். கருவி உடனே நேரத்தை நிறுத்தும். எத்தனை நொடியோ அதற்கேற்ற குளோரைடு. மொத்த மின்கடத்துதிறனைப் பார்க்கும் கருவிகளும் இருக்கின்றன. அவை காட்டும் எண் உண்மைக் குளோரைடைவிட லிட்டருக்குச் சுமார் 15 மில்லிமோல் கூடுதலாக இருக்கும். அதனால் நோயை உறுதிசெய்யக் குளோரைடையே நேராக அளக்க வேண்டும்.

துளி தீர்ந்தது. அது விட்டுச்சென்ற எண் காகிதத்தில் ஏறுகிறது. லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ என்றால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருக்க வாய்ப்பு மிகுதி; 30-க்குக் கீழே என்றால் வாய்ப்பு மிகக் குறைவு; நடுவில் என்றால் மேலும் தேட வேண்டும். 160-ஐத் தாண்டினால் அந்த எண்ணை நம்பக் கூடாது. மனித வியர்வை அவ்வளவு உப்பாக முடியாது, எங்கோ கலப்போ ஆவியாதலோ நேர்ந்திருக்கிறது. உயர்ந்து வந்த எண்ணை மறுசோதனையாலோ மரபணுச் சோதனையாலோ உறுதிசெய்ய வேண்டும் என்பதும் விதி.

இங்கேதான் எண்ணின் பயணம் கரடுமுரடாகிறது. மருத்துவப் பாடநூல்களில் இந்தச் சோதனையை விளக்கும் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இல்லாமலே வியர்வைக் குளோரைடு உயரக்கூடிய நிலைகள். ஊட்டக்குறைவு, தைராய்டு குறைவு, தோல் அழற்சி ஆகியவற்றோடு சில நொதிக் குறைபாடுகளும் அதில் நிற்கும். எல்லாம் ஒரே வரிசையில், ஒரே எழுத்தளவில். ஆனால் அவற்றுக்குப் பின்னால் உள்ள காரணத்தின் வலு ஒன்றுக்கொன்று மிக வேறுபடுகிறது. அதை யாரும் பக்கத்தில் எழுதுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

காரணம் தெள்ளத் தெளிவாக இருக்கும் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அட்ரீனல் சுரப்பியில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது இல்லாமல் பிறக்கும் குழந்தையால் கார்டிசாலையும் ஆல்டோஸ்டிரோனையும் போதிய அளவில் செய்ய முடியாது. கடுமையான வடிவம் ஏறக்குறைய 15,000 பிறப்புக்கு ஒன்று என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. ஆல்டோஸ்டிரோன்தான் வியர்வைக் குழாயின் சோடியம் வாசலைத் திறந்துவைக்கும் ஹார்மோன். அது இல்லையென்றால் சோடியம் குழாயிலேயே நின்றுவிடும். அதோடு குளோரைடும் நின்றுவிடும். குளோரைடு வாசல் பழுதில்லை. ஆனால் துளி உப்பாகவே வெளியே வருகிறது. சோதனை அதை உள்ளபடியே அளந்து சொல்கிறது.

இந்தக் குறைபாடுள்ள பெண் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பின் தோற்றத்திலேயே மாற்றம் தெரியும். பிரசவ அறையிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆண் குழந்தை பார்க்க நலமாகவே இருப்பான். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாந்தி எடுப்பான், எடை இறங்கும், சோர்ந்து கிடப்பான். இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள கைக்குழந்தையும் எடை ஏறாமல், சோடியம் குறைந்து இப்படியே வரலாம். அந்த நேரத்தில் யாராவது வியர்வைச் சோதனை செய்து 60-க்கு மேல் எண் வந்தால், அதோடு தேடல் நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. நின்றால் அந்தக் குழந்தைக்கு வேண்டிய ஹைட்ரோகார்டிசோன் போகாது. உயிரே போய்விடலாம்.

பிரித்தறிய ஒரு சாதாரண இரத்தச் சோதனை போதும். நொதிக் குறைபாட்டில் பொட்டாசியம் ஏறும், இரத்தம் அமிலத்தன்மை அடையும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் உப்பிழந்து துவண்ட குழந்தைக்குப் பொட்டாசியம் இறங்கும், இரத்தம் காரத்தன்மைக்குப் போகும். இரண்டும் எதிரெதிர்த் திசை. பிறகு 17-ஹைட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் அளவு விஷயத்தை உறுதிசெய்யும். ஆல்டோஸ்டிரோனின் வேலையைச் செய்யும் ஃப்ளூட்ரோகார்டிசோனும் உப்பும் கொடுத்துக் குழந்தை தேறிய பின் அதே கையில் அதே சோதனையைச் செய்தால் எண் இறங்கிவிடுகிறது. இதே தத்துவத்தை நுரையீரல் மருத்துவர்கள் திருப்பிப் பயன்படுத்தியதும் உண்டு: எண் இரண்டுங்கெட்டானாக வந்த பெரியவர்களுக்குச் சில நாட்கள் ஃப்ளூட்ரோகார்டிசோன் கொடுத்துப் பார்ப்பார்கள். நோயில்லாதவரின் வியர்வை உப்பு இறங்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவருக்கு இறங்காது.

ஃபியூகோசிடோசிஸ் என்பது இன்னொரு வகை. ஆல்ஃபா-ஃபியூகோசிடேஸ் என்ற நொதி இல்லாததால் செல்களுக்குள் சர்க்கரைத் தொடர்கள் குவிந்துகொண்டே போகும். 1960-களில் இத்தாலிய மருத்துவர் துராண்டின் குழு விவரித்த நோய் இது. மிக அரிது. வேகமாக முற்றும் வடிவத்தில் குழந்தை கற்றதை மறந்துகொண்டே வரும், அடிக்கடி நுரையீரல் தொற்று வரும், வியர்வையில் உப்பும் மிகுந்திருக்கும். நுரையீரல் தொற்றும் உப்பு வியர்வையும் சேர்ந்தால் எவருக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்தான் நினைவுக்கு வரும். மெதுவாக முற்றும் வடிவத்திலோ வியர்வை உப்பு இயல்பாகவே இருக்கிறது. அப்படியானால் ஒரே நொதி இல்லாத இருவரின் துளிகளே இரு வேறு எண்களைத் தருகின்றன.

இனி அந்தப் பட்டியலின் சிக்கலான மூலை. குளுக்கோஸ்-6-ஃபாஸ்ஃபடேஸ் என்பது கல்லீரல் நொதி. 1952-இல் கெர்ட்டி கோரியும் கார்ல் கோரியும் அது இல்லாத குழந்தைகளைக் காட்டினார்கள். கல்லீரல் பெருத்து, பசித்தால் இரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும் நோய் அது. குளுக்கோஸ்-6-ஃபாஸ்ஃபேட் டிஹைட்ரஜனேஸ், அதாவது ஜி6பிடி, முற்றிலும் வேறு. சிவப்பணுவை ஆக்சிஜனேற்றத் தாக்குதலிலிருந்து காப்பது. அது குறைந்தவர்களுக்குப் பிரைமாகுவின் மாத்திரையோ ஃபாவா அவரையோ சேராது. சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும். வியர்வைச் சோதனைப் பட்டியல்கள் சிலவற்றில் முதலாவது இருக்கிறது, சிலவற்றில் இரண்டாவது, சிலவற்றில் இரண்டும். பெயர்கள் இவ்வளவு ஒட்டியிருக்கும்போது ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குப் பட்டியல் பெயர்க்கப்படும் வேளையில் எது எதுவாயிற்று என்று சந்தேகப்படுவது தவறில்லை.

இந்தச் சந்தேகம் வெறும் ஏட்டுச் சந்தேகம் அல்ல. ஜி6பிடி குறைபாடு உலகில் ஏறத்தாழ நாற்பது கோடிப் பேருக்கு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. மலேரியா நிலவிய ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடல் கரைகள், மேற்கு ஆசியா, இந்தியா, தென்கிழக்கு ஆசியா எங்கும் பரவியிருக்கிறது. அது பொதுவாகவே எல்லாருடைய வியர்வையையும் 60-க்கு மேல் தள்ளுமானால் மத்தியதரைக் கடல் நாடுகளில் இந்தச் சோதனையே பயனற்றுப் போயிருக்கும். அங்கெல்லாம் இன்றும் நோயறிதலின் அடித்தளம் இதுதான். ஆல்டோஸ்டிரோன் இல்லாததால் சோடியம் நின்றது என்று படிப்படியாகக் காட்டியதுபோல் ஜி6பிடிக்கு எந்த வழியையும் அந்தப் பட்டியல்கள் காட்டுவதில்லை. பெயர் மட்டும்தான்.

ஆகவே ஜி6பிடி குறைபாடு உள்ள, தீராத இருமலும் எடைக்குறைவும் கொண்ட குழந்தைக்கு 85 என்று எண் வந்தால் என்ன செய்வது? "அந்தக் குறைபாட்டால் பொய்யாக ஏறியிருக்கும்" என்று காகிதத்தை மூடி வைப்பது பெரிய தவறு. இவ்வளவு பேருக்கு இருக்கும் குறைபாடு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தைக்கும் தற்செயலாக இருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று விலக்கவில்லை. மூடி வைத்த காகிதத்துக்கு விலை, நுரையீரலில் வீணாகக் கழியும் ஆண்டுகள். வேறொரு நாளில், இரு கைகளிலும், போதிய வியர்வையோடு மீண்டும் எடுக்க வேண்டும். மரபணுவைப் பார்க்க வேண்டும். அதுவும் தெளிவில்லையென்றால் மூக்கின் உட்சவ்வில் மின்னழுத்த வேறுபாட்டை அளக்கும் சோதனை செய்யும் மையத்தை நாட வேண்டும். மலத்தில் எலாஸ்டேஸ் அளவு கணையத்தின் நிலையைச் சொல்லும். 21-ஹைட்ராக்சிலேஸ் குழந்தையின் எண்ணைச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் பார்க்க வேண்டும். ஜி6பிடி குழந்தையின் எண்ணை இப்போதே நம்பித் தேட வேண்டும். ஒரே பட்டியல், இரண்டு எதிர்மாறான நடத்தைகள்.

துளியின் மதிப்பு இப்போது இன்னும் கூடியிருக்கிறது. 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐவாகாஃப்டர், பழுதான குளோரைடு வாசலையே திறக்கும் மருந்து. குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களிடம் நடந்த சோதனையில் வியர்வைக் குளோரைடு சராசரியாக லிட்டருக்கு 48 மில்லிமோல் இறங்கியது. நோயைக் கண்டுபிடிக்கப் பிறந்த எண் மருந்து வேலை செய்கிறதா என்று காட்டும் எண்ணாகவும் ஆயிற்று.

இந்தியாவுக்கு இந்தச் சோதனை தாமதமாகவே வந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வெள்ளையர் நோய் என்று நெடுங்காலம் எண்ணிக்கொண்டிருந்தோம், தேடாததால் கிடைக்கவில்லை. தில்லி எய்ம்ஸில் எஸ்.கே. காப்ரா குழுவினர், இறக்குமதிக் கருவிக்குக் காத்திராமல், வியர்வையைச் சேகரிக்க உள்நாட்டிலேயே ஒரு முறையை உருவாக்கி 2002-இல் வெளியிட்டார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் தென்னிந்தியக் குழந்தைகளிடம் இந்த நோயைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆனால் நம் குழந்தைகளிடம் ஊட்டக்குறைவு மிகுதி. அதுவும் வியர்வை உப்பை ஏற்றக்கூடியது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும் ஊட்டக்குறைவைத்தான் உண்டாக்குகிறது. எது எதனால் என்று பிரிக்க, குழந்தையைத் தேற்றிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

அதனால் சோதனைக்கு அனுப்பும் சீட்டில் "வியர்வைக் குளோரைடு" என்று மட்டும் கிறுக்கி அனுப்புவது போதாது. குழந்தையின் வயது, எடை, இரத்தத்தின் சோடியம், பொட்டாசியம், வாங்கும் மருந்துகள், ஏற்கெனவே தெரிந்த நொதிக் குறைபாடு எது, அது முழுப்பெயரில், எல்லாம் அதில் இருக்க வேண்டும். சோதனைக்கூடமும் பதிலில் எண்ணோடு, சேகரித்த வியர்வை எவ்வளவு, எத்தனை நிமிடம், எந்தக் கை என்று எழுத வேண்டும். எண் 30-ஐத் தாண்டியிருந்தால் மறுசோதனைக்கான தேதியையும் அதே தாளில் குறித்துக் கொடுத்துவிடலாம். தொலைவிலிருந்து வரும் பெற்றோர் அடுத்த பயணத்துக்கு அன்றே ஏற்பாடு செய்துகொள்வார்கள்.